நோக்கத்தோடு எம்.பி.ஏ. படிக்க நினைப்பவர்களுக்கு: படிப்படியான வழிகாட்டி

எம்.பி.ஏ.வுக்கு இரண்டு முறை விண்ணப்பித்தேன். முதல் முறை ஐந்து கல்லூரிகள். ஐந்திலும் இடமில்லை என்று பதில் வந்தது. அடுத்த ஆண்டு நான்கு கல்லூரிகளுக்குப் போட்டேன். இரண்டில் இடம் கிடைத்தது, அதில் ஒன்று பாதிக் கட்டணத்துக்கு உதவித்தொகையும் தந்தது. இடையில் என் நுழைவுத் தேர்வு மதிப்பெண் மாறவே இல்லை. அதே மதிப்பெண்ணைத்தான் மறுபடியும் அனுப்பினேன். இரண்டாம் முறை வேறு ஒன்றைச் செய்தேன். எந்த வேலைக்காகப் படிக்கிறேன், அதற்காக எவ்வளவு கடன் வாங்கலாம் என்ற இரண்டு கேள்விக்கும் பதிலைத் தாளில் எழுதி முடித்துவிட்டு, அப்புறம்தான் விண்ணப்பத்தைத் திறந்தேன்.

பிறருக்குப் பயன்படுகிற, மனதுக்கு ஒட்டுகிற வேலைக்கு மாற வேண்டும், அதற்கு ஒரு நிர்வாகப் பட்டம் கைகொடுக்கும் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சம்பளத்தை உயர்த்தப் படிப்பவர்களுக்கு வழிகாட்டிகள் ஏராளம். ஆனால் நம்முடைய கணக்கு வேறு. நாம் போக நினைக்கும் வேலையில் பெரும்பாலும் சம்பளம் குறைவு. கல்லூரிக் கட்டணமோ எல்லாருக்கும் ஒன்றுதான்.

1. நோக்கத்தை ஒரு வேலையின் பெயராக எழுதுங்கள்

முதல் முறை விண்ணப்பத்தோடு அனுப்பிய கட்டுரையில் "சமூகத்துக்குப் பயன்படும் தலைவராக வேண்டும்" என்று எழுதியிருந்தேன். மனதார எழுதியதுதான். ஆனால் அதைப் படிப்பவருக்கு நாளைக் காலை நான் எந்த அலுவலகத்தில் போய் உட்காரப் போகிறேன் என்று தெரியாது. எனக்கே தெரியவில்லை.

அப்போது மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்யும் நிறுவனம் ஒன்றில் இருந்தேன். மறுப்புக் கடிதங்கள் வந்த அதே மாதம், வேலை நிமித்தம் ஒரு சிறிய சுகாதார நிலையத்துக்குப் போனேன். தடுப்பூசி வைத்திருக்கும் குளிர்பெட்டியின் மேல் வெப்பநிலைப் பதிவேடு இருந்தது. பெட்டி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கிறதா என்று தினமும் காலையும் மாலையும் பார்த்து எழுத வேண்டும். அன்று தேதி 19. பதிவேட்டில் 23ஆம் தேதி மாலைவரை ஒரே பேனாவில் 4, 5, 4, 5 என்று எழுதி முடித்திருந்தது. அங்கிருந்த நர்ஸைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெட்டி பழுதானால் யாரைக் கூப்பிடுவது என்று அவருக்கு யாருமே சொல்லி வைக்கவில்லை. எழுதுவதால் ஒன்றும் நடக்காது என்று தெரிந்துவிட்டால் யார்தான் பார்த்து எழுதுவார்கள்?

அன்று இரவுதான் என் நோக்கத்துக்கு ஒரு பெயர் கிடைத்தது: மருந்து விநியோகச் சங்கிலியை நடத்தும் மேலாளர் வேலை. நீங்களும் நான்கு வரி எழுதுங்கள். என்ன வேலை, எந்த மாதிரி நிறுவனம் (குறைந்தது மூன்று நிறுவனங்களின் பெயரோடு), எந்தச் சிக்கலைத் தீர்க்க, தொடக்கச் சம்பளம் எவ்வளவு. நான்கில் ஒன்று காலியாக இருந்தாலும் விண்ணப்பத்தைத் தள்ளிப்போடுங்கள். நான்காவது வரியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். படி 4இல் அது இல்லாமல் ஓரடிகூட நகர முடியாது.

2. அந்த வேலைக்கு இந்தப் பட்டம் தேவைதானா என்று கேளுங்கள்

நீங்கள் எழுதிய வேலையில் இப்போது இருப்பவர்களிடம் பேசுங்கள். பத்து, பன்னிரண்டு பேராவது வேண்டும். லிங்க்ட்இன்னில் தேடி, நான்கு வரியில் கடிதம் போட்டு, இருபது நிமிடம் கேளுங்கள். நான் முப்பது பேருக்கு எழுதினேன். பன்னிரண்டு பேர் பேசினார்கள். ஐந்து பேர் எம்.பி.ஏ., நான்கு பேர் பொதுச் சுகாதாரத்தில் முதுகலை. மூன்று பேர் எந்த முதுகலையும் படிக்காமல், கிடங்கில் தொடங்கி மேலே வந்தவர்கள்.

"உங்கள் வேலை எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். "உங்கள் அணிக்குக் கடைசியாக எடுத்த ஆளிடம் எதைப் பார்த்து எடுத்தீர்கள்?" என்று கேளுங்கள். அந்தப் பதிலில்தான் பட்டம் தேவையா இல்லையா என்பது வெளிவரும்.

சிலருக்குப் பொதுக் கொள்கை அல்லது பொதுச் சுகாதாரப் பட்டம் பொருந்தும். சிலருக்கு இருக்கும் நிறுவனத்திலேயே வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்டாலே போதும். நிதி, கணக்கியல் அடிப்படை மட்டும்தான் குறை என்றால், அமெரிக்காவின் வார்ட்டன் வணிகக் கல்லூரியின் அடிப்படைப் பாடங்கள் கோர்சேரா என்ற இணையவழிப் பாடத் தளத்தில் இருக்கின்றன. இரண்டு ஆண்டு வேலையை விட்டுப் போக வேண்டியதில்லை. இந்தப் படியில் "எனக்கு எம்.பி.ஏ. வேண்டாம்" என்று முடிவானால் அதை நல்ல செய்தியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டுக் கடன் அளவுத் தொகை மிச்சம்.

3. எந்த வகைப் பட்டம்?

இரண்டாண்டு முழுநேர எம்.பி.ஏ.: நடுவில் கோடைக்கால இன்டர்ன்ஷிப் உண்டு. துறையே மாற நினைப்பவர்களுக்கு அந்த இன்டர்ன்ஷிப்தான் கதவு.

ஓராண்டு எம்.பி.ஏ.: இன்சியாட் என்ற ஐரோப்பிய வணிகக் கல்லூரியில் பத்து மாதத்தில் முடிகிறது. சம்பளம் இழக்கும் காலம் பாதியாகக் குறையும். ஆனால் துறை மாறுவதற்கு நேரம் மிகக் குறைவு.

பகுதிநேரம், இணையவழி: சம்பளம் நிற்காது. ஏற்கெனவே சரியான துறையில் இருந்து மேலே போக நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

எக்ஸிக்யூட்டிவ் எம்.பி.ஏ.: பெரும்பாலும் பத்தாண்டு அனுபவத்தை ஒட்டியவர்களுக்கு. எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வான ஜிமேட்டுக்குப் பதிலாக எக்ஸிக்யூட்டிவ் அசெஸ்மென்ட் என்ற சிறிய தேர்வைப் பல கல்லூரிகள் ஏற்கின்றன.

இப்போதுதான் இளங்கலை முடிக்கிறீர்கள் என்றால் நிர்வாகவியல் முதுகலை, அதாவது மிம், இருக்கிறது. ஹார்வர்டின் 2+2 போன்ற முன்கூட்டிய சேர்க்கையும் உண்டு: கடைசி ஆண்டிலேயே இடம் வாங்கிவிட்டு, குறைந்தது இரண்டாண்டு வேலை பார்த்த பிறகு போய்ச் சேரலாம்.

4. பணக் கணக்கு: கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்

மற்ற எல்லாவற்றையும் மேலோட்டமாகப் படித்தாலும் இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். நல்ல நோக்கத்தோடு போனவர்கள் பலர், படித்து முடித்ததும் தங்களுக்குத் துளியும் பிடிக்காத வேலையில் போய் உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் மனம் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மாதத் தவணை அவர்களை அங்கே கொண்டுபோய் உட்கார வைத்தது.

அமெரிக்காவின் முன்னணிக் கல்லூரிகளில் படிப்புக் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 70,000 டாலரைத் தாண்டுகிறது. வாடகை, சாப்பாடு, மருத்துவக் காப்பீடு, பயணம் எல்லாம் சேர்த்தால் இரண்டாண்டுக்கு 2,00,000 டாலருக்கு மேல். மற்ற நாடுகளில் குறையலாம், ஓராண்டுப் படிப்பில் நிச்சயம் குறையும். எங்கே படித்தாலும் கணக்குப் போடும் முறை ஒன்றுதான்.

100 கடன் வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். எந்த நாணயமானாலும் சரி. வட்டி 10 சதவீதம். படிப்பு இரண்டாண்டு, அதன்பின் ஆறு மாதம் கழித்துத் தவணை தொடங்குகிறது. முதலாண்டு 50, இரண்டாமாண்டு 50 என்று வங்கி கல்லூரிக்குக் கட்டுகிறது. தவணை இன்னும் தொடங்கவில்லை என்பதால் வட்டி சும்மா இருக்காது. முதல் 50க்கு இரண்டரை ஆண்டு வட்டி 12.5, அடுத்த 50க்கு ஒன்றரை ஆண்டு வட்டி 7.5. தவணை தொடங்கும் நாளில் கடன் 120 ஆகியிருக்கும். அதைப் பத்தாண்டில் அடைத்தால் மாதம் சுமார் 1.59, மொத்தம் சுமார் 190. நூறு வாங்கி, நூற்றுத் தொண்ணூறு கட்டுகிறீர்கள்.

இப்போது படி 1இன் நான்காவது வரிக்கு வாருங்கள். மாதத் தவணை, வரி போகக் கைக்கு வரும் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று நான் எனக்குக் கோடு போட்டுக்கொண்டேன். கைக்கு 50,000 வரும் வேலை என்றால் தவணை 10,000. மேலே சொன்ன வட்டியில், அந்தத் தவணைக்கு வாங்கக்கூடிய கடன் சுமார் 6,30,000. அதாவது, நீங்கள் போகப்போகும் வேலையின் ஏறக்குறைய ஒரு வருடக் கைச்சம்பளம்தான் உங்கள் கடனின் உச்சவரம்பு. இப்போதைய சம்பளத்தையோ, கல்லூரி விளம்பரத்தில் போடும் சராசரிச் சம்பளத்தையோ வைத்து இந்தக் கணக்கைப் போடாதீர்கள். அந்தச் சராசரியைத் தூக்குவது ஆலோசனை நிறுவனங்களும் முதலீட்டு வங்கிகளும் தரும் சம்பளம்.

என் கணக்கில் முதல் முறை விண்ணப்பித்த ஐந்து கல்லூரிகளில் நான்கு வெளியே போய்விட்டன. அன்று வருத்தமாக இருந்தது. ஆனால் அந்த நான்கில் ஒன்றில் முழுக் கடனோடு சேர்ந்திருந்தால் இன்று மருந்துக் கிடங்குப் பக்கமே நான் வந்திருக்க முடியாது.

இடைவெளியை நிரப்ப வழிகள் உண்டு:

கல்லூரியின் உதவித்தொகை. பல கல்லூரிகளில் தனி விண்ணப்பம் தேவையில்லை. சிலவற்றில் உண்டு, அதன் கடைசித் தேதி சேர்க்கைத் தேதிக்கு முன்பே முடிந்துவிடும். இரண்டு இடம் கிடைத்தால், ஒன்று தரும் தொகையை மற்றதிடம் சொல்லி மரியாதையாகக் கேட்கலாம். நான் கேட்டேன். இரண்டு வாரத்தில் தொகையைக் கூட்டினார்கள்.

கடன் நிவாரணத் திட்டம். யேல், ஸ்டான்ஃபோர்டு போன்ற சில கல்லூரிகளில், தொண்டு நிறுவனத்திலோ பொதுத்துறையிலோ குறைந்த சம்பளத்தில் சேரும் பட்டதாரிகளின் கடன் தவணையில் ஒரு பகுதிக்கு உதவி கிடைக்கும். நம்மைப் போன்றவர்களுக்கு உதவித்தொகைக்கு அடுத்தபடியாக முக்கியமானது இதுதான். ஆனால் எந்தக் கடனுக்குப் பொருந்தும், வெளிநாட்டு வங்கிக் கடன் சேருமா, ஒவ்வோர் ஆண்டும் மறுபடி விண்ணப்பிக்க வேண்டுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பெண்களுக்கு ஃபோர்டே அறக்கட்டளையின் உதவித்தொகை இருக்கிறது. அதில் பங்கேற்கும் கல்லூரிகள் வழியாகவே கிடைக்கும்.

இன்னொரு செலவை மறந்துவிடாதீர்கள்: விண்ணப்பச் செலவே ஒரு தொகைதான். அமெரிக்கப் பெரிய கல்லூரிகளில் விண்ணப்பக் கட்டணம் ஒவ்வொன்றுக்கும் 250 டாலரை ஒட்டி வருகிறது. அதோடு தேர்வுக் கட்டணம், மொழித் தேர்வு, மொழிபெயர்ப்பு, கூரியர். பணத் தேவை உள்ளவர்களுக்கு விண்ணப்பக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும் கல்லூரிகள் இருக்கின்றன. கட்டணம் கட்டுவதற்கு முன் கேட்டால்தான் உண்டு.

5. கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது

தரவரிசையை ஓரமாக வைத்துவிட்டு இரண்டு ஆவணங்களைப் பாருங்கள்.

ஒன்று, அங்கீகாரம். வணிகக் கல்லூரிகளுக்கு உலக அளவில் மதிக்கப்படும் அங்கீகாரங்கள் மூன்று: ஏஏசிஎஸ்பி, ஈக்விஸ், ஆம்பா. கல்லூரியின் இணையதளத்தில் முத்திரையைப் பார்த்து நம்பாமல், அங்கீகாரம் தரும் அமைப்பின் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பல்கலைக்கழகத்துக்கு இருக்கும் அங்கீகாரம் அந்த இணையவழிப் பட்டத்துக்கும் பொருந்துமா என்றும் சரிபாருங்கள்.

இரண்டு, வேலைவாய்ப்பு அறிக்கை. "மூன்று மாதத்துக்குள் 92 சதவீதம் பேருக்கு வேலை" என்பது போன்ற வரியைப் பார்த்தால், எத்தனை பேரில் என்று தேடுங்கள். வேலை தேடியவர்களை மட்டுமே அந்தக் கணக்கில் சேர்ப்பது வழக்கம். நிறுவனம் பணம் கட்டி அனுப்பியவர்கள், சொந்தத் தொழில் தொடங்கியவர்கள், வேறு காரணத்தால் தேடாதவர்கள் வெளியே இருப்பார்கள். இதில் மோசடி எதுவும் இல்லை, அறிக்கையிலேயே எழுதியிருப்பார்கள். நாம்தான் படிப்பதில்லை. அப்புறம் துறைவாரி அட்டவணைக்குப் போங்கள். தொண்டு நிறுவனம், பொதுத்துறை, சுகாதாரம், ஆற்றல் என்று உங்கள் துறைக்கு எதிரே என்ன எண் இருக்கிறது? ஒரு சதவீதம் என்றால், 300 பேர் வகுப்பில் மூன்று பேர். அந்த மூன்று பேர் யார், கல்லூரி உதவியால் போனார்களா, தாங்களே தேடிப் போனார்களா என்று முன்னாள் மாணவர்களிடம் கேளுங்கள்.

"சமூகத் தாக்கம்" என்று விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் போட்டிருப்பதை நான் பொருட்படுத்துவதில்லை. அந்தப் பெயரில் எத்தனை பாடங்கள், அவற்றை நடத்துபவர் நிரந்தரப் பேராசிரியரா, நெட் இம்பாக்ட் போன்ற மாணவர் அமைப்பு அங்கே உயிரோடு இயங்குகிறதா, அதைத்தான் பார்ப்பேன்.

6. ஜிமேட்டா, ஜி.ஆர்.இ.யா?

இரண்டும் நுழைவுத் தேர்வுகள். ஜிமேட் வணிகக் கல்லூரிகளுக்கானது, ஜி.ஆர்.இ. பலவகை முதுகலைப் படிப்புகளுக்குமானது. பெரும்பாலான கல்லூரிகள் இரண்டையும் ஏற்கின்றன. இப்போதைய ஜிமேட் 2 மணி 15 நிமிடம்; கணிதம், மொழி, தரவு என மூன்று பகுதிகள், ஒவ்வொன்றும் 45 நிமிடம்; மதிப்பெண் 205 முதல் 805 வரை. கட்டுரை கிடையாது. கணிதப் பகுதியில் கால்குலேட்டரும் கிடையாது. ஜி.ஆர்.இ. 2 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. மொழிக்கும் கணிதத்துக்கும் தனித்தனியே 130 முதல் 170 வரை, கூடவே ஒரு கட்டுரை. கணிதத்தில் திரையிலேயே கால்குலேட்டர் உண்டு. இரண்டிலும் அதிகாரபூர்வ மாதிரித் தேர்வுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டையும் ஒரு முறை எழுதிப் பாருங்கள், எது கைக்கு வருகிறதோ அதை எடுங்கள்.

இங்கே ஒரு பொறி உண்டு. ஜிமேட் முறை 2023 இறுதியில் மாறியது. பழைய முறையில் 700 எடுத்தவர் இருந்த இடத்தில் புதிய முறையில் 645 எடுத்தவர் இருக்கிறார். 2023க்கு முன் எழுதிய அறிவுரைகளைப் படித்துவிட்டு "700 வரவில்லையே" என்று மனமுடைந்து போகாதீர்கள்.

மதிப்பெண் ஐந்தாண்டு செல்லும். ஐ.இ.எல்.டி.எஸ்., டோஃபல் என்ற ஆங்கில மொழித் தேர்வுகளின் மதிப்பெண்கள் இரண்டாண்டுதான். அதனால் ஜிமேட்டை முன்கூட்டி எழுதுங்கள், மொழித் தேர்வைப் பின்னால் வையுங்கள். மறுபடி எழுத ஜிமேட்டுக்கு 16 நாள், ஜி.ஆர்.இ.க்கு 21 நாள் இடைவெளி வேண்டும். கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்பு முதல் முறையாக எழுதினால் இரண்டாவது வாய்ப்பே இருக்காது. வேலை பார்த்துக்கொண்டே படிக்க மூன்று, நான்கு மாதம் ஒதுக்குங்கள்.

7. ஆவணங்கள்

இதில்தான் என் முதல் ஆண்டின் பாதி நேரம் போனது. முன்னரே எடுத்துவைக்க வேண்டியவை:

பட்டச் சான்றிதழ், எல்லாப் பருவத்துக்குமான மதிப்பெண் பட்டியல், பல்கலைக்கழகம் தரும் டிரான்ஸ்கிரிப்ட் (எல்லாப் பாடங்களும் மதிப்பெண்களும் அடங்கிய அதிகாரபூர்வத் தொகுப்பு). விண்ணப்பிக்கும்போது ஸ்கேன் செய்த நகல் போதும் என்று பல கல்லூரிகள் சொல்லும். ஆனால் இடம் கிடைத்தபின் பல்கலைக்கழகமே முத்திரையிட்டு அனுப்பிய அசல் வேண்டும். எனக்கு அது வந்து சேர ஏழு வாரம் ஆனது. விண்ணப்பத்தைத் தொடங்கும் அன்றே டிரான்ஸ்கிரிப்டுக்கும் எழுதிப் போடுங்கள், கூடுதலாக இரண்டு உறை கேளுங்கள்.

மதிப்பெண்ணை அமெரிக்கக் கல்லூரிகள் பயன்படுத்தும் 4 புள்ளி அளவுக்கு நீங்களாக மாற்றாதீர்கள். கல்லூரி கேட்டால் ஒழிய, உங்கள் பல்கலைக்கழகம் தந்த அளவிலேயே எழுதுங்கள். சில கல்லூரிகள், வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் டபிள்யூ.இ.எஸ். போன்ற அமைப்பின் அறிக்கை கேட்கும். அதற்குத் தனிக் கட்டணமும் சில வாரமும் ஆகும்.

பாஸ்போர்ட். இதிலுள்ள பெயரும் தேர்வுக்குப் பதிவு செய்யும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தேர்வு மையத்தில் உள்ளே விட மாட்டார்கள். சான்றிதழில் முதலெழுத்து மட்டும், பாஸ்போர்ட்டில் முழுப் பெயர் என்று இருந்தால், இரண்டும் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரத்தை இப்போதே தயார் செய்யுங்கள்.

வேலைச் சான்றுகள்: சேர்ந்த கடிதம், விடுவிப்புக் கடிதம், கடைசிச் சில மாதச் சம்பளச் சீட்டு. இடம் தந்தபின் பல கல்லூரிகள் தனி நிறுவனத்தை வைத்து இவற்றைச் சரிபார்க்கும். ரெஸ்யூமேயில் நீங்கள் போட்ட மாதமும் கடிதத்திலுள்ள மாதமும் ஒத்துப்போக வேண்டும். நினைவிலிருந்து எழுதாமல் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

ரெஸ்யூமே ஒரே பக்கம். தன்னார்வப் பணிகளுக்கும் கடிதம் வாங்கி வையுங்கள். மூன்றாண்டு வாரந்தோறும் செய்த பணி, மூன்று மாதம் முன்பு தொடங்கிய பணி, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் படிப்பவர்களுக்கு ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

8. பரிந்துரைக் கடிதம்

பொதுவாக இரண்டு வேண்டும்; ஒன்றாவது உங்கள் வேலையை நேரடியாகப் பார்த்த மேலதிகாரியிடமிருந்து. பதவி பெரிதாக இருக்கிறதே என்று உங்களை அறியாத இயக்குநரிடம் போகாதீர்கள். நான் போனேன். கடைசி நாள் இரவு பதினொரு மணிக்கு ஒரே பத்தியில் "மிகச் சிறந்த ஊழியர்" என்று எழுதி அனுப்பினார். கெட்ட எண்ணம் எதுவும் அவருக்கு இல்லை. என்னைப் பற்றி எழுத அவரிடம் வேறு எதுவும் இல்லை.

பரிந்துரைப்பவரிடம் பல கல்லூரிகள் ஒரே மாதிரியான பொதுக் கேள்விகளைக் கேட்கின்றன. அதில் ஒன்று: இவருக்கு நீங்கள் சொன்ன முக்கியமான திருத்தம் என்ன, அதை இவர் எப்படி எடுத்துக்கொண்டார்? இதற்கு உண்மையான பதில் வைத்திருப்பவர்தான் உங்களுக்குச் சரியான ஆள்.

எட்டு வாரம் முன்னால் கேளுங்கள். நீங்கள் சேர்ந்து செய்த நான்கைந்து வேலைகளை இரண்டு பக்கத்தில் நினைவூட்டிக் கொடுங்கள், உங்கள் நான்கு வரியையும் சேர்த்து. "நீயே எழுதிக் கொண்டுவா, கையெழுத்துப் போடுகிறேன்" என்றால் பணிவாக மறுத்துவிடுங்கள். கல்லூரிகள் அதை விதிமீறலாகவே பார்க்கின்றன, தெரிந்தால் கிடைத்த இடமும் போய்விடும்.

9. கட்டுரை

ஸ்டான்ஃபோர்டின் கேள்வி எல்லாருக்கும் தெரிந்தது: உங்களுக்கு எது எல்லாவற்றையும்விட முக்கியம், ஏன்? யேல், நீங்கள் இதுவரை எடுத்துக்கொண்ட மிகப் பெரிய கடப்பாடு எது என்று கேட்டு வந்திருக்கிறது. எந்தக் கல்லூரியாக இருந்தாலும், உள்ளே இருக்கும் கேள்வி ஒன்றுதான்: நீங்கள் சொல்லும் நோக்கத்துக்காக இதுவரை எதைச் செலவழித்தீர்கள்? நேரமா, பணமா, பதவி உயர்வா?

முதல் கட்டுரையில் என் மதிப்புகளைப் பற்றி எழுதினேன். இரண்டாவது கட்டுரை 4, 5, 4, 5 என்ற அந்தப் பதிவேட்டில் தொடங்கியது. அதன்பின் எட்டு மாதம் சனிக்கிழமைகளில் அந்த நிலையத்துக்கும் பக்கத்தில் இருந்த இன்னும் மூன்று நிலையங்களுக்கும் போய், பெட்டி பழுதானால் கூப்பிட வேண்டிய எண்ணை ஒட்டியது முதல், ஒரு எளிய குறுஞ்செய்தி முறையைக் கொண்டுவந்தது வரை எழுதினேன். எங்கே தோற்றேன் என்பதையும் எழுதினேன்: நான்கில் ஒரு நிலையத்தில் கடைசிவரை அது ஓடவில்லை, காரணம் உதிரிபாகத்துக்கான பணம் யார் கணக்கில் என்று யாருக்கும் தெரியாது. செலவுக் கணக்கும் கொள்முதலும் எனக்குத் தெரியாது, அதைப் படிக்கத்தான் வருகிறேன் என்று முடித்தேன். பட்டம் எதற்கு என்ற கேள்விக்கு அதைவிட நேரான பதில் என்னிடம் இருக்கவில்லை.

ஒரே கட்டுரையைக் கல்லூரிப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பாதீர்கள். பழைய பெயர் எங்காவது ஒரு மூலையில் நின்றுவிடும்.

10. கால அட்டவணை

அமெரிக்க இரண்டாண்டுப் படிப்புகளுக்கு ஆண்டுக்குச் சில சுற்றுகளாக (ரவுண்டு) விண்ணப்பம் வாங்குவார்கள். முதல் ரவுண்டின் கடைசித் தேதிகள் செப்டம்பரில் தொடங்கி அக்டோபர் தொடக்கம்வரை, முடிவு பெரும்பாலும் டிசம்பரில். இரண்டாம் ரவுண்டு ஜனவரித் தொடக்கம், முடிவு மார்ச் கடைசியை ஒட்டி. மூன்றாம் ரவுண்டு ஏப்ரல் வாக்கில். உதவித்தொகை தேவைப்படுபவர்கள் மூன்றாவதை மறந்துவிடுங்கள். பணமும் இடமும் பெரும்பாலும் தீர்ந்திருக்கும், விசாவுக்கும் நேரம் இருக்காது. ஐரோப்பிய ஓராண்டுப் படிப்புகளில் ரவுண்டுகள் அதிகம், சிலவற்றில் ஆண்டுக்கு இரண்டு முறை சேர்க்கை.

செப்டம்பர் ரவுண்டுக்குப் போவதாக வைத்தால்: முந்தைய ஆண்டின் இறுதியில் ஆட்களோடு பேச்சும் பணக் கணக்கும், ஜனவரி முதல் ஏப்ரல்வரை ஜிமேட், மே மாதம் டிரான்ஸ்கிரிப்ட், ஜூலைத் தொடக்கத்தில் பரிந்துரையாளர்கள், ஜூலையும் ஆகஸ்டும் கட்டுரை. கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் அனுப்பிவிடுங்கள். கடைசித் தேதியில் போட்டிருக்கும் நேரம் கல்லூரி இருக்கும் ஊரின் நேரம் என்பதையும் கவனியுங்கள்.

11. நேர்காணல்

பெரும்பாலும் அரை மணி நேரம்தான், ரெஸ்யூமேயை ஒட்டித்தான் கேட்பார்கள். ஒரு கேள்விக்கு மட்டும் கட்டாயம் தயாராகப் போங்கள்: "எங்கள் கல்லூரியில் இடம் கிடைக்காவிட்டால் என்ன செய்வீர்கள்?" நோக்கம் உண்மையானால் இதற்குப் பதில் இருக்கும். பட்டம் இல்லாமலும் அந்த வேலையை எப்படித் தொடர்வீர்கள் என்று சொல்லுங்கள்.

12. இடம் கிடைத்த பிறகு

இடத்தை உறுதிசெய்ய முன்பணம் கேட்பார்கள், அது பெரும்பாலும் திரும்ப வராது. உதவித்தொகை முடிவு எழுத்தில் வரும்வரை கட்டாதீர்கள். தேதி நெருங்கினால் அவகாசம் கேளுங்கள், பல கல்லூரிகள் தருகின்றன. விசாவுக்குக் காட்ட வேண்டிய வங்கி இருப்பு எத்தனை மாதம் கணக்கில் இருக்க வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு வேறு. கடன் ஒப்புதல் கடிதம் அதற்கு ஈடாகுமா என்று தூதரக விதியைப் பாருங்கள். விசா கையில் வரும்வரை வேலையை விடாதீர்கள்.

வகுப்பு தொடங்கி சில வாரத்திலேயே ஆலோசனை நிறுவனங்களும் வங்கிகளும் வளாகத்துக்கு வரும். தொண்டு நிறுவனங்களும் சிறு நிறுவனங்களும் அப்படி வருவதில்லை. பட்ஜெட் உறுதியான பிறகு, ஆண்டின் பிற்பகுதியில்தான் ஆள் எடுக்கும். நடுவில் உள்ள மாதங்கள் கடினம். பக்கத்து இருக்கைக்காரர் ஜனவரியிலேயே இன்டர்ன்ஷிப் உறுதியாகி நிம்மதியாக இருப்பார், உங்களிடம் ஒன்றும் இருக்காது. அந்தப் பயத்தில் வேறு பக்கம் போனவர்கள் அதிகம். படி 2இல் பேசிய பன்னிரண்டு பேருக்கும் கல்லூரி போய்ச் சேர்ந்த வாரமே கடிதம் போடுங்கள். குறைந்த சம்பள இன்டர்ன்ஷிப் போகிறவர்களுக்காகக் கல்லூரியில் தனி நிதி இருக்கிறதா என்று கேளுங்கள்; யேலில் மாணவர்களே நடத்தும் நிதி ஒன்று இருக்கிறது, வேறு கல்லூரிகளிலும் உண்டு. எனக்கு இன்டர்ன்ஷிப் ஏப்ரல் கடைசியில்தான் வந்தது. பன்னிரண்டு பேரில் ஒன்பதாவதாகப் பேசிய, கிடங்கில் தொடங்கி மேலே வந்தவர் அனுப்பிய இரண்டு வரி: "ஜூன் முதல் வாரம் வர முடியுமா? குளிர்பெட்டி வேலைதான்."